பேதி எதனால் வந்தது? மணிக்கணக்கை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பேதி பிடித்தவுடன் நம் வீடுகளில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது கடைசியாகச் சாப்பிட்ட பண்டம். “ராத்திரி சாப்பிட்ட பரோட்டாதான்” என்று தீர்ப்பும் ஆகிவிடும். பெரும்பாலும் அது தப்பான தீர்ப்பு. குடலைக் கெடுக்கும் கிருமிகளில் பல, உள்ளே போய் ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் இரண்டு வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பரோட்டாவைத் திட்டிக்கொண்டே கெட்ட தண்ணீரைத் தொடர்ந்து குடிப்பவர்கள் நிறைய.

காரணம் தெரிந்தால் இரண்டு லாபம். மருந்து தேவையா இல்லையா என்று புரியும், வீட்டில் அடுத்தவருக்கு வராமல் தடுக்கலாம். காரணம் தேடும் நேரத்திலும் உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான்.

முதலில், இது பேதிதானா?

ஒரு நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகவோ இளக்கமாகவோ போனால் பேதி. கெட்டியாக நான்கு முறை போவது பேதி ஆகாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சிளம் குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் மஞ்சளாக, இளக்கமாகப் போவதும் பேதி ஆகாது. எடை ஏறுகிறதா, மூத்திரம் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் விட்டுவிடலாம்.

வயதானவர்களிடம் ஒரு பெரிய ஏமாற்று உண்டு. பல நாள் மலச்சிக்கலில் கெட்டியான மலம் அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்து துணியை நனைக்கும். இதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இறுகிப்போகும். படுக்கையில் இருப்பவர், வலிநிவாரணி அதிகம் சாப்பிடுபவர், நாலைந்து நாளாகச் சரியாகப் போகாமல் இருந்து திடீரென்று ஒழுகுகிறவர் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மணிக்கணக்கு

ஒரு தாளை எடுத்து, முதல் வாந்தியோ முதல் பேதியோ வந்த நேரத்தை எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்.

1 முதல் 6 மணி நேரத்துக்குள், அதுவும் வாந்தியே முன்னால் நின்றால், உணவிலேயே ஊறிக் கிடந்த நஞ்சுதான் காரணமாக இருக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் பால் இனிப்பு, கிரீம் கேக், கையால் பிசைந்த சாதம் போன்றவற்றில் ஏறிவிடும். பேசிலஸ் செரியஸ் சோற்றில் இருக்கும். இதில் பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, ஒரு நாளுக்குள் தானாகவே தணியும். நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மாத்திரைக்கு இங்கே வேலையே இல்லை. உள்ளே போனது நஞ்சு, அதை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

6 முதல் 24 மணி நேரத்துக்குள் அடிவயிற்றில் முறுக்கு வலி, தண்ணீர் பேதி, ஆனால் வாந்தியும் காய்ச்சலும் அதிகம் இல்லை என்றால் பெரிய பாத்திரத்தில் சமைத்து மெதுவாக ஆறிய இறைச்சிக் குழம்பு, பிரியாணி, சாம்பார் மேல் சந்தேகம் விழும்.

அரை நாள் முதல் மூன்று நாள் வரை என்றால் பட்டியல் நீளும். வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுத்தால் நோரோவைரஸ். காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்தால் சால்மொனெல்லா. அது பச்சை முட்டை, சரியாக வேகாத கோழி வழியாக வரும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது இந்தக் கிருமிக்குப் பயந்துதான். காய்ச்சலோடு தொடங்கி அடுத்த நாளே சளியும் ரத்தமுமாக மாறினால் ஷிகெல்லா, அதாவது ரத்தபேதி. கோழி வழியே வரும் கேம்பைலோபேக்டர் 2 முதல் 5 நாள் எடுக்கும்.

ஒரு வாரத்துக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தால் ஒட்டுண்ணிகள். ஜியார்டியா 1 முதல் 3 வாரம் எடுத்துக்கொள்ளும். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கும், நாற்றம் தூக்கும், வயிறு உப்பி ஏப்பம் வரும். அமீபாவின் சீதபேதி 2 முதல் 4 வாரம் கழித்துக்கூடத் தொடங்கும். ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்த பதினைந்தாம் நாள் வந்த பேதிக்கு நேற்றுச் சாப்பிட்ட இட்லி என்ன செய்யும்?

பார்த்தால் தெரிவது

அதிகமாக, தண்ணீராக, கொட்டுகிற மாதிரி போனால் சிறுகுடலில் கோளாறு. வைரஸ், காலரா, ஜியார்டியா எல்லாம் இந்த வகை. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கிக்கொண்டு, போய் வந்த பிறகும் இன்னும் இருப்பது போலத் தோன்றி, சளியோ ரத்தமோ கலந்தால் பெருங்குடலில் புண். இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

அரிசி கழுவிய தண்ணீர் போல, வலியே இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல் லிட்டர் கணக்கில் போய், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் காலராவாக இருக்கலாம். சில மணி நேரத்தில் ஆள் மயங்கிவிடுவார். பழைய காலத்து நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஓ139 என்ற புதிய காலரா வகை 1992இல் முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான்.

தார் போலக் கருப்பாகப் போனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அதில்லாமல் கருப்பென்றால் மேல் குடலில் ரத்தக்கசிவு இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

பெரிய அண்டாவும் ஆறாத சோறும்

கல்யாணம், அன்னதானம், அலுவலக விருந்து என்று எங்கே கூட்டமாகப் பேதி வந்தாலும் பலரும் “எண்ணெய் சரியில்லை”, “மசாலா கெட்டது” என்பார்கள். உண்மைக் காரணம் பெரும்பாலும் நேரமும் சூடும்தான்.

அரிசியிலும் இறைச்சியிலும் மண்ணிலிருந்து வந்த கிருமி விதைகள் இருக்கும். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை முளைக்கத் தொடங்கும், 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் அடங்கும். இடைப்பட்ட சூடுதான் ஆபத்து. அவற்றில் ஒன்றான கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் 43 முதல் 47 டிகிரியில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இரவு பத்து மணிக்கு இறக்கி மூடிவைத்த 50 கிலோ பிரியாணி அண்டாவின் நடுப்பகுதி அந்தச் சூட்டிலேயே விடிய விடியக் கிடக்கும். மேல் சோறு ஆறியிருப்பதைத் தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். இல்லையென்றால் 60 டிகிரிக்கு மேல் ஆவி பறக்கும் சூட்டில் வையுங்கள். மிச்சத்தை நாளைக்கு வைக்க வேண்டுமானால் அகலமான தட்டுகளில் இரண்டங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் ஏற்றுங்கள். குண்டானோடு உள்ளே வைத்தால் நடுவில் சூடு இறங்க விடியும்வரை ஆகும், பக்கத்திலிருக்கும் பாலும் சேர்ந்து கெடும். மறுநாள் சாம்பாரும் குழம்பும் ஓரத்தில் குமிழி விட்டால் போதாது, கிண்டிவிட்டு முழுவதும் கொதிக்க வேண்டும்.

சோற்றுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. பேசிலஸ் செரியஸ் விடும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சும் அப்படியே. வெளியே ஐந்தாறு மணி நேரம் கிடந்த சோற்றை எலுமிச்சை சாதமாகவோ ஃபிரைடு ரைஸாகவோ மாற்றினால் நஞ்சு தாளிப்போடு சேர்ந்து வரும், அவ்வளவுதான். மணந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

தண்ணீர்: குழாயில் எங்கே கலக்கிறது?

கோடையில் தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊர்களில் பேதி கூடுவதற்குக் காரணம் குழாய்க்குள் இருக்கும் காலி இடம். தண்ணீர் நிற்கும்போது அழுத்தம் போய்விடும். பக்கத்தில் ஓடும் சாக்கடைக் கசிவு, துருப்பிடித்த இணைப்பு வழியாக உள்ளே இழுக்கப்படும். தெருக்குழாயோடு மோட்டாரை நேரடியாக இணைத்து உறிஞ்சும் வீடுகள் இதைப் பல மடங்கு ஆக்குகின்றன. ஒருவர் மோட்டார் போட்டால் தெருவுக்கே சாக்கடை வரும். இது சட்டப்படியும் குற்றம் என்பது பலருக்கும் தெரியும், தெரிந்தும் போடுகிறார்கள்.

தண்ணீர் வந்ததும் முதலில் வருவதைப் பிடிக்காமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். கலங்கலோ நாற்றமோ இருந்தால் சம்ப்புக்குள் விடாதீர்கள். சம்ப்பு மூடி தரைமட்டத்தில் இருந்தால் மழைத்தண்ணீர் வழிந்து இறங்கும், அரையடியாவது உயர்த்திக் கட்டுங்கள். கிணறோ ஆழ்துளையோ கழிவுநீர்த் தொட்டியிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நகரத்து மனைகளில் அந்த இடைவெளி கிடைப்பது அரிது. அப்படியானால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

பிளீச்சிங் பவுடர் போடுவதாக இருந்தால் 1000 லிட்டருக்கு 4 கிராம் போதும். இது 33 சதவீதம் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கான கணக்கு. திறந்த சாக்கில் மாதக்கணக்கில் கிடந்ததில் குளோரின் பறந்துபோய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். பவுடரை அப்படியே கொட்டாமல், ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பயன்படுத்த வேண்டும். கலங்கல் தண்ணீரில் சேறே குளோரினைத் தின்றுவிடும், ஆகவே முதலில் தெளியவைக்க வேண்டும். தண்ணீரில் எவ்வளவு குளோரின் மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் குளோரோஸ்கோப் கருவி வைத்திருக்கும் ஊராட்சித் தொட்டி இயக்குபவரிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சி நிற்க வேண்டும், தெருவில் பேதி பரவும் நேரத்தில் 0.5.

காய்ச்சுவதிலும் ஒரு தப்பு நடக்கிறது. அடியிலிருந்து கொந்தளித்து ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் செத்துவிடும். பிறகு சீக்கிரம் ஆறட்டும் என்று ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள். காய்ச்சியது வீண். குடத்துக்குள் டம்ளரை விரலோடு முக்குவதும் அதே கணக்கில்தான் சேரும். குழாய் வைத்த பாத்திரமோ நீளக் கைப்பிடிக் கரண்டியோ வையுங்கள்.

கேன் தண்ணீர் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கேனைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது அதன் கழுத்து தண்ணீருக்குள் முங்குகிறது. தெருவில் உருட்டி வந்த கழுத்து அது. துடைத்துவிட்டுக் கவிழ்ப்பவர்கள் எத்தனை பேர்? கீழேயுள்ள மண்பானையையோ டிஸ்பென்ஸரையோ வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். வெளியில் கரும்புச்சாறு, எலுமிச்சைச்சாறு, நீர்மோர் குடித்துப் பேதி வந்தால் பழத்தை விட்டுவிட்டு ஐஸை விசாரியுங்கள். மீனுக்குப் போடும் கட்டி ஐஸ்தான் பல இடங்களில் உடைத்துப் போடப்படுகிறது.

யாருக்குச் சீக்கிரம் வரும், யாரை அதிகம் தாக்கும்?

ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைகள் முதல் வரிசை. அந்த வயதில்தான் பல் முளைக்கிறது, அதனால் பேதிக்குப் பல்லைக் காரணம் சொல்வார்கள். அதே வயதில்தான் தவழ்கிறது, கண்டதை வாயில் வைக்கிறது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, வெளிச்சாப்பாடு தொடங்குகிறது. பல் அப்பாவி. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இடர் இன்னும் அதிகம், ரப்பர் முனையின் ஓட்டைக்குள் பால் படிந்து நிற்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், வெளியில் தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்குச் சொட்டு மருந்து 6, 10, 14ஆம் வாரங்களில் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இது 2017இல் தொடங்கியது. இந்தியாவிலேயே உருவான ரோட்டாவேக் மருந்தைச் சோதித்துப் பார்த்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. வயது கடந்துவிட்டால் போட முடியாது, தள்ளிப்போடாதீர்கள்.

முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் அடுத்த வரிசை. நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்களும் இதில் சேர்வார்கள். வயிற்று அமிலம்தான் கிருமிக்கு முதல் காவல். அதைத் தினமும் காலையில் நாமே அகற்றிவிடுகிறோம்.

கிருமியே இல்லாத பேதி

காய்ச்சலில்லை, வீட்டில் வேறு யாருக்கும் இல்லை, வாரக்கணக்கில் இழுக்கிறது என்றால் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் தொடங்கிய வாரத்திலோ அளவு கூட்டிய பிறகோ பேதி வருவது மிகச் சாதாரணம். சாப்பாட்டோடு எடுத்தாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மருத்துவர் மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். தானாக நிறுத்த வேண்டாம். அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், மக்னீசியம் கலந்த அமிலமுறிவு மருந்துகள், யூரிக் அமில மூட்டுவலிக்கான கொல்சிசின் எல்லாம் பேதி உண்டாக்கும். நுண்ணுயிர்க்கொல்லி முடித்துப் பல வாரம் கழித்துக் கடுமையான பேதி வந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உடல் இளைக்க என்று விற்கும் தேநீர்ப் பொட்டலத்தில் நிலாவாரை இருக்கிறதா என்று பாருங்கள், அது மலமிளக்கி. சர்க்கரையில்லா மிட்டாயில் இருக்கும் சார்பிட்டாலும் அப்படித்தான்.

பால் இன்னொரு காரணம். பெரியவர்களில் நிறையப் பேருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. காலைக் காபிக்குப் பிறகு வயிறு இரைந்து ஓட வேண்டியிருந்தால் ஒரு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள், தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு வைரஸ் பேதி அடங்கிய பின் சில நாள் இதே நிலை வரும். நுரைத்துப் புளித்த வாடையோடு போகும், ஆசனவாய் சிவந்து புண்ணாகும். தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

நான்கு வாரம் தாண்டினாலோ, எடை குறைந்தாலோ, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டு வந்தாலோ, 45 வயதுக்கு மேல் புதிதாக மலப்பழக்கம் மாறினாலோ வீட்டுக் கணக்கு போதாது. தைராய்டு, குடல் அழற்சி, கணையம், குடல் புற்று எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

கொடுக்க வேண்டியதும் கூடாததும்

ஓ.ஆர்.எஸ். (உப்புச்சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள். சுமார் 20.5 கிராம் பொட்டலம் 1 லிட்டருக்கு, சிறியது 200 மி.லி.க்கு. பெரிய பொட்டலத்தில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் போடுவது ஆபத்து, உப்பு கூடினால் குழந்தைக்கு வலிப்பு வரும். முழுதும் கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள், மிச்சத்தைக் கொட்டுங்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200 மி.லி., பெரியவர்கள் எவ்வளவு குடிக்க முடியுமோ அவ்வளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே.

அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அவற்றில் சர்க்கரை அதிகம், அது குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

குழந்தைக்குத் துத்தநாக மருந்து 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் என்றால் 10. பேதி நின்ற பிறகும் முடிக்க வேண்டும். சாப்பாட்டை நிறுத்திப் பட்டினி போடாதீர்கள். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை குழந்தைகளுக்கு வேண்டாம், காய்ச்சலோ ரத்தமோ இருக்கும் பெரியவர்களுக்கும் வேண்டாம். தொக்கம் எடுப்பது, குடலேற்றம் தட்டுவது என்று அலைவதில் போகும் அரை நாள்தான் பல குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிருக்கிறது. உச்சிக்குழி உள்ளே போனால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள்.

கண் குழி விழுதல், ஆறு மணி நேரம் மூத்திரம் இல்லாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நிற்பது, குடிக்கக்கூட எழாமல் துவண்டு கிடப்பது, ரத்தம், விடாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள், துவண்டு நினைவு மங்கியிருந்தால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு நீர்பிரிக்கும் மாத்திரையோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ எடுப்பவர், நிற்காத பேதியில் அவற்றைத் தொடரலாமா என்று அன்றே கேட்க வேண்டும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். தொடங்கிய நேரம், எத்தனை முறை, நிறம், ரத்தம் உண்டா, கடந்த மூன்று நாளில் வெளியில் சாப்பிட்டவை, உடன் சாப்பிட்டவர்களில் யாருக்கு வந்தது யாருக்கு வரவில்லை, சாப்பிடும் மாத்திரைகள். தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நாளில் பேதி என்றால் 104க்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள். வந்து தண்ணீர் மாதிரி எடுக்கும்வரை சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள், போட்டுவிட்டால் சோதனையில் ஒன்றும் தெரியாது. அதுவரை குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.